குனிந்து பார்த்த மருத்துவர்

ஒவ்வொரு ஆண்டும் பெரிய வியாழன் மாலை கத்தோலிக்க ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. பங்குத்தந்தை மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேர் முன் முழந்தாளிட்டு அவர்களுடைய கால்களைக் கழுவித் துடைக்கிறார். கைதான இரவில் இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. அந்தக் காலத்தில் அது வீட்டு வேலையாளின் வேலை. சடங்கு சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அதையே வாழ்நாள் வேலையாக ஏற்றவர்களை வேலூர் பார்த்திருக்கிறது.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. அப்படியானால் அந்தக் கையில் செத்துப்போகாத தசைகள் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தால் மடங்கிய விரலை நிமிர்த்தலாம். தொழுநோயாளியின் கையில் இந்த அறுவை சிகிச்சையை முறையாகச் செய்து காட்டிய முன்னோடி அவர்தான்.

ஆனால் நிமிர்ந்த விரல்களோடு வீடு திரும்பியவர்களில் சிலர் வருத்தத்தோடு வந்து நின்றார்கள். கை சரியானதும் பிச்சை விழுவது குறைந்துவிட்டது. தொழுநோயாளி என்று தெரிந்தால் வேலை கொடுக்கவும் ஆளில்லை.

சேவை செய்கிறோம் என்று சொல்லும் எவரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஏழையின் கையில் எதையாவது வைத்துவிட்டு நகர்வது எளிது. அந்தக் கை நாளை என்ன செய்யும் என்று கேட்பது கடினம். பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் கேட்டார்கள். ஓய்வுபெற்ற மிஷனரி மூதாட்டி ஒருவர் தன் சேமிப்பைத் தந்து தொடங்கி வைக்க, நவஜீவ நிலையம் உருவானது. அங்கே மண் குடிசைகளில் தங்கிய இளைஞர்கள் தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் ஒரு காலத்தில் தச்சராக இருந்த அந்த மருத்துவரும் ஒருவர்.

அங்கேதான் இன்னொரு உண்மையும் தெரிய வந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுடுபாத்திரமும் ஆணியும் செருப்பின் அழுத்தமுமே அவற்றைச் சிதைக்கின்றன. இரவில் தூங்கும்போது சிலருடைய விரல்களை எலி கடித்திருந்தது. கடித்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். பெரிய கண்டுபிடிப்புக்குப் பக்கத்தில் ஒரு பூனை. நோயாளி படுத்துறங்கும் இடம் வரை நினைத்துப் பார்ப்பவருக்குத்தான் இது தோன்றும்.

கால் புண்ணுக்கும் அதே காரணம்தான். அழுத்தம் ஒரே இடத்தில் விழாதபடி மென்மையான ரப்பரில் செருப்பு செய்யும் முயற்சிகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பல ஆண்டுகள் நடந்தன. எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளும் கேட்டு வாங்கும் செருப்பின் பின்னால் தொழுநோயாளிகளின் பாதங்களில் படித்த பாடம் இருக்கிறது.

பிராண்டிடம் பயிற்சி பெற்ற மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார். பின்னர் வெளிநாட்டில் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். முடங்கிய ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இவை பழைய கதைகள் அல்ல. இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. மாத்திரையில் முழுமையாகக் குணமாகும் நோய் இது. ஆனாலும் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக அது 2019 வரை நம் சட்டத்தில் இருந்தது. சட்டம் மாறியதும் தெருவின் பார்வை மாறிவிடுவதில்லை.

திருச்சபைகள் இன்று தாராளமாகவே கொடுக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு அரிசியும் சேலையும் போர்வையும் போகின்றன. பசிக்கிற வீட்டுக்கு அரிசி தேவைதான். ஆனால் வருடத்துக்கு ஒருநாள் மேடையில் கொடுத்து முடிக்கும் உதவியில், வாங்குபவரின் பெயர்கூடக் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. வேலூரில் நடந்தது வேறு. அங்கே கொடுத்தவர்கள் திரும்பத் திரும்ப அதே ஆளைப் பார்த்தார்கள், அவர் குறை சொன்னபோது கேட்டார்கள், தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். தாழ்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் இல்லை.

இதற்கு மருத்துவக் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற செவிலியர் இல்லாத சபை அரிது; பாதங்களைப் பராமரிக்க அவர் சொல்லிக்கொடுக்கலாம். உணர்விழந்த பாதமுள்ள தொழுநோயாளிகள் தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஊறவைக்கக் கூடாது. உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும். வயதானவர்களால் குனிந்து பார்க்க முடிவதில்லை. மாதம் ஒருமுறையாவது, ஆராதனை முடிந்தபின் ஒரு பெஞ்சைப் போட்டு, யாராவது அவர்களுக்காகக் குனியலாம். பெரிய வியாழனுக்கு வாங்கிய தாம்பாளமும் துண்டும் ஆலயத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.