சுள்ளி பொறுக்குகிறவள் திருடி அல்ல



டாக்குரியா ரயில் பாதையோரத்திலும் ஏரிக்கரையோரத்திலும் சுள்ளி பொறுக்கும் நம் பெண்களுக்கு ஆளாளுக்கு ஒரு பட்டம் சூட்டுகிறார்கள். காவல்காரர் "சோர்" என்கிறார். மாடி வீட்டு பாபுமார்கள் "புகை போட்டு ஊரைக் கெடுக்கிறவர்கள்" என்கிறார்கள். பத்திரிகை படிக்கிறவர்கள் "அதுதான் சர்க்கார் காஸ் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன விறகு?" என்று கேட்கிறார்கள். நம்மிலேயே நாலு காசு பார்த்துவிட்ட சிலரோ, "கல்கத்தா வந்தும் இந்தப் புத்தி போகவில்லையே, தமிழன் மானம் போகிறதே" என்று முகம் சுளிக்கிறார்கள். இந்தப் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நம் கடமை. பதில் சொல்லாமல் விட்டால் பொய்யே வழக்காகிவிடும்.

யார் திருடர்?

மரத்தை வெட்டுவது வேறு. மரம் தானே உதிர்த்ததை எடுப்பது வேறு. இது எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வித்தியாசம். ஊரில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் உதிர்ந்த பனைமட்டையையும், காய்ந்த சீமைக்கருவேல முள்ளையும் கட்டித் தலையில் வைத்து வந்தவளை எந்த ஊராரும் திருடி என்று சொன்னதில்லை.

அதைக் குற்றம் என்று சொல்ல ஆரம்பித்தது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். 1865இல் ஒரு வனச் சட்டம், 1878இல் அதைவிடக் கடுமையான ஒன்று, சென்னை மாகாணத்துக்கென்று 1882இல் தனியாக ஒன்று, பிறகு 1927இல் இன்றுவரை நடைமுறையிலிருக்கும் இந்திய வனச் சட்டம். ரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டை வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும் என்று காட்டைச் சர்க்கார் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. மலையையே மொட்டையடித்தவன் அதிகாரி ஆனான். ஒரு கட்டுச் சுள்ளி எடுத்தவள் குற்றவாளி ஆனாள். காலங்காலமாக உரிமையாக இருந்தது ஒரே இரவில் கார்டு ஐயாவின் தயவாயிற்று.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கதையல்ல. 1841இல் ஜெர்மனியில் ரைன் மாகாணத்துச் சட்டசபை, காட்டில் உதிர்ந்த சுள்ளியை ஏழைகள் எடுப்பதையும் திருட்டு என்று தண்டிக்க முனைந்தது. அதை எதிர்த்து 1842இல் பத்திரிகையில் எழுதியவர் அப்போது 24 வயது இளைஞரான கார்ல் மார்க்ஸ். உதிர்ந்த கிளை மரத்தோடு உறவு அற்றுப்போனது, அதை எடுப்பதும் உயிருள்ள மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல என்று அவர் வாதாடினார். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தம்மைத் திருப்பிய விஷயங்களில் இந்த விறகு விவகாரமும் ஒன்று என்று அவரே 1859இல் எழுதினார். சுள்ளியைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

சுதந்திரம் வந்து 59 ஆண்டு கழித்து, 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சுள்ளி, புதர்க்கட்டை, அடிக்கட்டை எல்லாம் சிறு வனப் பொருள் என்றும், அவை காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரியவை என்றும் அதில் எழுதப்பட்டது. நல்லது. ஆனால் காட்டையும் காட்டையொட்டிய நிலத்தையும் இழந்து பட்டணத்துக்கு வந்த ஏழைக்கு அந்தச் சட்டம் எட்டாது. அவள் அடுப்பும் அரிசியைத்தான் வேகவைக்கிறது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

இதை எழுதுகிற நம்மில் பலர் ரயில்வேயில் கோப்புப் புரட்டுகிறவர்கள். ஆகவே சட்டத்தை மறைத்துப் பேசமாட்டோம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் ரயில்வே நிலத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ரயில்வே சொத்தை வைத்திருந்து அகப்பட்டால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் முறைக்கே ஐந்தாண்டுவரை சிறை. இரும்புத் துண்டும் சிலீப்பரும் ரயில்வே சொத்து. அவற்றை யாரும் தொட வேண்டாம். தொடுகிறவனுக்காகச் சங்கம் வாதாடாது. ஆனால் காற்றில் விழுந்த காய்ந்த குச்சியைக் கையில் வைத்திருப்பவளையும் தண்டவாளச் சாவியைக் கழற்றுகிறவனையும் ஒரே பெயரால் கூப்பிடாதே என்றுதான் கேட்கிறோம்.

2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்தபோது இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தெருவில் வழி இல்லை. மரம் அகற்ற ராணுவத்தையே கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வாரம் கத்தியெடுத்துக் கிளை நறுக்கித் தூக்கிப் போனவர்களை யாரும் "சோர்" என்று சொல்லவில்லை. வழி திறந்தால் போதும் என்றிருந்தது. அப்படியானால் பாபுவுக்குத் தேவைப்படும் நாளில் அது சேவை, ஏழைக்குத் தேவைப்படும் நாளில் திருட்டு. இது என்ன நியாயம்?

புகைக்கு யார் பொறுப்பு?

புகை கெடுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. விறகு, கரி, விராட்டி, மண்ணெண்ணெய் எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் புகை, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேரின் உயிரைக் குடித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தப் புகையை முதலில் விழுங்குகிறவர்கள் யார்? அடுப்பின் முன் குனிந்திருக்கும் தாயும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையும். நாலாவது மாடிக்கு எட்டுவது மிச்சம்தான். மிச்சத்தை முகர்ந்தவர் வழக்குப் போடுகிறார். முழுசையும் முகர்ந்தவள் இருமிக்கொண்டே சோறு வடிக்கிறாள்.

ரவீந்திர சரோபர் என்று 1958இல் பெயர் மாற்றப்பட்ட டாக்குரியா ஏரி, கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1920களில் வெட்டியது. அதன் தென்கரையில் ரயில் பாதையை ஒட்டியிருக்கிறது கோவிந்தபூர் ரயில் காலனி. 1940களில் தெற்கு வங்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களும் பிறகு பிரிவினையில் ஓடி வந்தவர்களும் போட்ட குடிசைகள் அவை. 1983இல் அவர்கள் ஒன்றுகூடி நலச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஏரியை மாசுபடுத்துகிறார்கள் என்று அவர்கள்மீதுதான் உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போயிற்று, காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது. வங்காளி ஏழைக்கே இந்த கதி என்றால் தமிழ் ஏழைக்கு என்ன மிஞ்சும்? ஆகவே இதை மொழிச் சண்டையாக யாரும் திருப்ப வேண்டாம். பாதையோரத்தில் எரியும் அடுப்புக்குத் தமிழும் தெரியாது, வங்காளியும் தெரியாது.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலை இதே டாக்குரியாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை தீப்பிடித்துப் புகையால் நிறைந்து, 90 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தப் புகையைப் பார்த்து முதலில் ஓடி வந்தவர்களும், உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளை இறக்கியவர்களும், பக்கத்துப் பஞ்சானனதலா பஸ்திக்காரர்கள். புகை போடுகிறவர்கள் என்று பெயர் வாங்கினவர்களேதான் புகைக்குள் நுழைந்தார்கள்.

சிலிண்டர் கொடுத்தாகிவிட்டதா?

2016 மே 1ஆம் தேதி உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண் பெயரில் டெபாசிட் இல்லாமல் காஸ் இணைப்பு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் இணைப்பு சோறாக்காது; சிலிண்டருக்குள் இருக்கும் காஸ்தான் சோறாக்கும். கல்கத்தாவில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 2023 மார்ச்சில் 1,129 ரூபாய்வரை ஏறியது. பிறகு இறங்கி, 2025 ஏப்ரலில் மறுபடி ஏறி 879 ரூபாய் ஆயிற்று. உஜ்வலாக்காரருக்கு 2023 அக்டோபர் முதல் 300 ரூபாய் மானியம். ஆனால் அந்த 300 பின்னால்தான் பாங்கியில் வரும். முழுப் பணத்தை முன்னால் எண்ணி வைக்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரி வீட்டில் மொத்தமாக 879 ரூபாய் எந்த நாளில் சேர்ந்திருக்கும்?

சர்க்கார் கணக்கே சாட்சி சொல்கிறது. உஜ்வலா குடும்பம் சராசரியாக 2019-20இல் வாங்கிய சிலிண்டர் ஆண்டுக்கு 3. 2024-25இல்கூட நாலரைதான். மாதம் ஒன்று தேவைப்படும் குடும்பம் மீதி மாதங்களில் எதை எரித்தது? ரேஷன் மண்ணெண்ணெய்க்கு இருந்த மானியமும் 2020இலேயே ஒழிந்துபோயிற்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, காஸ் போன்ற சுத்த எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 83, மேற்கு வங்கத்தில் நூற்றுக்கு 40. தமிழ்நாட்டில் 2007லேயே ஏழைகளுக்கு இலவச காஸ் அடுப்புத் திட்டம் வந்தது. ஊரில் அண்ணி காஸில் சமைக்கிறாள், பிழைக்க வந்த நாத்தனார் இங்கே சுள்ளி ஊதுகிறாள்.

இப்போது நாமே ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு எழுதுவது நமக்குத் தொழில். ஒரு கிலோ காஸின் வெப்பம் சுமார் மூன்று கிலோ காய்ந்த விறகின் வெப்பத்துக்குச் சமம். காஸ் அடுப்பில் வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறும். மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்குச் சுமார் 200 கிலோ விறகு வேண்டும். ஒரு தலைச்சுமை 12 கிலோ என்று வைத்தால் 17 நடை. பொறுக்கி, கட்டி, சுமந்து வர நடைக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 42 மணி நேரத்துக்கு மேல். 2025 ஏப்ரல் விலைப்படி, மானியம் போக சிலிண்டருக்கு 579 ரூபாய். அதை 42ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்குப் பதினான்கு ரூபாய் கூட இல்லை!

நம் பெண்களின் ஒரு மணி நேர உழைப்பு இந்த நகரத்தில் பதினான்கு ரூபாய்க்குப் போகிறது. "விறகு இனாம்தானே" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். விறகு இனாம் அல்ல, அதன் விலையை அவள் உடம்பு கொடுக்கிறது. கூலியைக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிற முதலாளியும் வீட்டு எஜமானியும் மிச்சம் பிடிப்பது இந்தச் சுமையிலிருந்துதான்.

மானம் யாருடையது?

கடைசியாக நம் ஆண்களிடம் நேராகவே பேசுவோம். அண்ணன்மார்களே, மனைவி சுள்ளிக்கட்டோடு வருவதை நாலு பேர் பார்த்தால் உங்களுக்குத் தலை குனிகிறது. அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்னும்போது குனியவில்லை. ஒரு நாள் பீடிக்கும் டீக்கும் போகிற காசைத் தனியே எடுத்து வைத்தால் மாதக் கடைசியில் சிலிண்டருக்கு எவ்வளவு சேரும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விடியுமுன் எழுந்து, தண்ணீருக்கு வரிசை நின்று, விறகு தேடி, சோறாக்கி வைத்துவிட்டுப் பிறகு நாலு வீடு பாத்திரம் தேய்க்கப் போகிறவளுக்குச் சங்கக் கூட்டத்துக்கு வர எங்கே நேரம்? பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைப்படுகிற நாம், அவர்களுடைய அந்த இரண்டரை மணி நேரத்தை எதற்கு இழக்கிறார்கள் என்று கேட்டதில்லை. இது சங்கத்துக்கும் சேர்த்துச் சொல்வது.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: மாநகராட்சியும் ரயில்வேயும் கிளை வெட்டும்போதும் புயலில் மரம் விழும்போதும், சிறு கிளைகளையும் சுள்ளியையும் வார்டுக்கு ஓரிடத்தில் குவித்து, பஸ்திப் பெண்கள் பகலில் அச்சமின்றி எடுத்துப்போக விட வேண்டும். இது பிச்சையல்ல, குப்பை லாரிச் செலவு அவர்களுக்கே மிச்சம். இதைக் கோரி வங்காளித் தோழர்களோடு சேர்ந்து மனுக் கொடுப்போம்.

இரண்டு: உஜ்வலா மானியத்தைக் கழித்துக்கொண்டே சிலிண்டர் கொடுக்க வேண்டும் என்று கேட்போம். முன்னால் கட்டு, பின்னால் தருகிறேன் என்பது கடன்காரன் பேச்சு.

மூன்று: 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்த குடும்பங்கள் ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகத் தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று விதி வைத்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? "ஊர் ரேஷன் கார்டு செல்லாது" என்று ஏஜென்சியில் விரட்டினால் இந்த விதியைச் சொல்லுங்கள். பெரிய சிலிண்டர் வாங்க முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் கேளுங்கள்.

நான்கு: எந்தப் பிள்ளையும் தண்டவாளத்தில் குச்சி பொறுக்கக் கூடாது. மின்சார ரயில் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் வந்துவிடும். பழைய சிலீப்பர் கட்டையைப் பூச்சி அரிக்காமலிருக்க கிரியோசோட் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அதன் புகை விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் அடுப்பில் வைக்காதீர்கள்.

ஐந்து: விறகு வேண்டியிருக்கிறவரை ஆண்களும் சுமக்க வேண்டும். இதில் வெட்கப்படுகிறவர் முதலில் சிலிண்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வெட்கப்படட்டும்.

ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு பெண்களே நேரில் சங்கத்துக்கு வாருங்கள். படிவம் நிரப்ப எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறோம், காசு வாங்கமாட்டோம். ஏஜென்சிக்குத் தனியாகப் போனால் விரட்டுவார்கள். பத்துப் பேராகப் போவோம், நாமும் கூட வருகிறோம்.