அம்மியும் பத்துமலையும்

பத்துமலை என்றால் பத்து மலைகள் என்று எண்ணும் பிள்ளைகள் நம் பள்ளியில் இன்றும் உள்ளனர். மலாய் மொழியில் ‘பத்து’ என்பது கல். அவ்விடத்து ஆற்றுக்கும் அதுவே பெயர். தைப்பூசந்தோறும் 272 படிகளையும் ஏறி இறங்கும் நம் சிறார், அக்கல் எத்தகையது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கேட்கும்படி நாம் கற்பித்ததுண்டா?

பாறைகள் மூவகைப்படும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்ததெனக் கருதுகிறோம். பயிற்சிக் கல்லூரி நாள்களில் நாமும் அப்பெயர்களை மனனம் செய்தே தேர்ச்சி பெற்றோம். ஒரு கல்லையேனும் கையிலெடுத்துத் தடவிப் பார்த்ததில்லை. இளஞ்சிறார்க்கு முதலில் வேண்டுவது பெயரன்று, விரல் நுனியின் அறிவு.

அதற்கு வீட்டு அம்மியே போதும். உற்று நோக்கின், வெண்மை, சாம்பல், கருமை எனப் பலநிற மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கக் காணலாம். நிலத்தின் ஆழத்தே பாறைக் குழம்பு மிக மெதுவாக ஆறியதால் அம்மணிகள் கண்ணுக்குப் புலனாகும் அளவு வளர்ந்தன. கற்கண்டும் பொறுமையாக விளைந்தால்தானே பெரிதாகிறது! நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரும் பெரும்பாலும் கருங்கல்லே; ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமையுடையது.

பத்துமலையோ சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சுண்ணச் சேறும் உயிரினங்களின் ஓடுகளும் படிந்து இறுகி உருவானது. மழைநீர் கரியமிலவாயுவை ஏற்று மென்புளிப்பாகி அதனைக் கரைத்தது, குகைகள் பிறந்தன. மலையில் கை வைத்தல் கூடாது. பூந்தொட்டிக்கென விற்கும் வெண்பளிங்குத் துண்டும் அதே இனந்தான். அதனைச் சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிறு குமிழிகள் எழும். அம்மியில் விட்டால் எழா. புளியும் மிளகாயும் அரைக்க நம் முன்னோர் ஏன் கருங்கல்லைத் தேர்ந்தனர் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவர்.

இவ்வாண்டு மூன்றாம் ஆண்டு மாணவர் கால்சட்டைப் பை நிறையக் கற்களுடன் வீடு திரும்பினர். “கல் பொறுக்கவா பள்ளிக்கு அனுப்பினோம்?” என்று பெற்றோர் ஒருவர் நம்மிடம் வினவினார். அவர் சினம் நியாயமே, பை கிழிந்துவிட்டது. ஆயினும் அக்கற்களைச் சொரசொரப்பு, வழவழப்பு எனப் பிரித்து அடுக்கிய பிள்ளை, அவ்வாரம் வகுப்பில் வாய் திறந்து பேசிய அளவு முன்னர்ப் பேசியதில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னர், நேரமில்லை என்னும் சாக்கும் ஆசிரியராகிய நமக்கு இல்லை.

தேய்ந்த அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கும் வித்தையை நேரில் கண்ட பாட்டிமார் நம் தோட்டத்தில் இருக்கின்றனர். அவர்களை அடுத்த தவணையில் வகுப்புக்கு அழைக்க எண்ணியுள்ளோம். மின்அரைவை வந்தபின் கொல்லையில் ஒதுக்கிய அம்மி, உடைந்ததாயினும், எந்த வீட்டிலேனும் கிடந்தால் பள்ளிக்கு அனுப்பி வைக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். தூக்கிவர ஆள் அனுப்புவோம்.