அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியைப் பறிக்காதே

"எல்லோருக்கும் தனியார் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டால் போதுமே, ஜி.ஹெச்.சில் போய் ஏன் கிடக்க வேண்டும்?" நம் மாணவர் கூட்டங்களிலேயே இந்தக் கேள்வி வருகிறது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கியதும், இன்சூரன்ஸ்தான் வழி என்று பேசுவோருக்கு இன்னொரு வாதம் கிடைத்துவிட்டது.

கேட்பவர்களைக் கேலி செய்ய மாட்டேன். காலங்காலமாக வாசலில் நிறுத்தப்பட்ட சமூகம், ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரிக்குள் தலைநிமிர்ந்து நுழைய ஆசைப்படுவதில் சுயமரியாதை இருக்கிறது. ஆனால் அந்த ஆசையைக் காட்டி நம்மிடமிருந்து எதைப் பிடுங்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

நோயிலிருந்தே தொடங்குவோம். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு என்ன வருகிறது? சுண்ணாம்பிலும் குரோமிலும் நின்று கையெல்லாம் வெடிப்பு. தூசியாலும் பசை நெடியாலும் மூச்சிரைப்பு. குனிந்தே தைத்து இடுப்பு வலி. இவை ஒரே நாளில் ஆளைப் படுக்கையில் தள்ளுவதில்லை. வருஷக்கணக்கில் மாத்திரை, களிம்பு, டாக்டர் ஃபீஸ், ஒருநாள் சம்பள இழப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இன்சூரன்ஸ் பாலிசியோ பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறது. ஏற்கனவே இருக்கும் நோய் என்றால் மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லவும் விதி இடம் தருகிறது. பதினைந்து வருஷம் டேனரியில் நின்றவருக்கு எந்த நோய்தான் 'ஏற்கனவே' இல்லாதது?

"அரசே பிரீமியம் கட்டுகிறதே" என்பார்கள். ஆமாம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை சிகிச்சை செய்து உயிரோடு வீடு திரும்பியவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கும் இதில் பணம் வருகிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் கணக்கைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. புருஷன் டேனரிக்கும் மனைவி ஷூ கம்பெனிக்கும் போனாலே தாண்டிவிடும். அட்டை இருந்தாலும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான். சளிக்கும் சர்க்கரைக்கும் சொறிக்கும் அது வெறும் பிளாஸ்டிக். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் பங்கு நம் வரிப்பணம். அந்தப் பணத்தில் நாட்றம்பள்ளியில் ஒரு கட்டில் கூடாது, ஒரு நர்ஸ் வேலையும் வராது.

இன்சூரன்ஸ் என்றாலே கூடாது என்கிறேனா? இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிய பி.பி.அடார்கர் அறிக்கை 1944-இல் வந்தது. அதன் வழியில் 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம். இன்று முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். வெளிநோயாளிக்கு மருந்து உண்டு, நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. சுரண்டுகிறவன் பங்கு கட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்களை எந்தக் கம்பெனியும் தன் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் அவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. சண்டை போட வேண்டிய இடம் இது.

பொது மருத்துவத்தால் என்ன முடியும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்க வைத்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டு வந்தது. எந்த இன்சூரன்ஸ் கம்பெனி நம் காலனிக்குள் மாத்திரையோடு நடந்து வரும்?

இன்னொன்று, நம் இயக்கங்களிலும் அதிகம் பேசப்படாதது. அரசு மருத்துவமனையில் இடஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகள் அங்கே டாக்டராக, நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக உட்கார முடியும். தனியார் மருத்துவமனையில் அந்தச் சட்டம் கிடையாது. அங்கே நம் ஆட்களை அதிகமும் எங்கே பார்க்கிறோம்? துடைப்பத்தோடு, கான்ட்ராக்ட் சீருடையில். மருத்துவச் செலவு முழுக்கத் தனியாருக்குத் திரும்பினால், நோயாளியாக உள்ளே போவோம், ஊழியராக வெளியே நிற்போம்.

"ஜி.ஹெச். நாறுகிறதே" என்பது உண்மையான கோபம். நாறுவது அதன் இயல்பல்ல, கைவிடப்பட்டதன் விளைவு. தேசிய சுகாதாரக் கொள்கை 2017, 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசுச் செலவு என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். திருப்பத்தூர் மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்நியச் செலாவணிக்குத் தோல் கொடுக்கும் மாவட்டம் இது.

நம் கோரிக்கைகள் நான்கு: திருப்பத்தூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி. தோல் பகுதி அரசு மருத்துவமனைகளில் தோல், நுரையீரல் நோய்களுக்குத் தொழில்சார் நோய்ப் பிரிவு. வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. ராஜஸ்தான் 2023-இல் இயற்றியது போல, அதைவிட வலுவான மருத்துவ உரிமைச் சட்டம் தமிழ்நாட்டிலும்.

தோழர்களே, இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை டாக்டர் பணியிடம், எத்தனை காலி, எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். தனியார் ஆஸ்பத்திரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையே இல்லை. அரசு ஆஸ்பத்திரி பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம்முடையது.