வாத்துக்குச் சாயம் பூசலாமா?

டிசம்பர் பிறந்தால் போதும், நம்ம பசங்க கேமராவைத் தூக்கிக்கொண்டு வேடந்தாங்கல் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் திரும்பி வந்து காட்டுகிற படங்களைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. தண்ணீர் ஊதா, புல் கிளிப்பச்சை, வாத்து திருவிழா பலூன் மாதிரி! கேட்டால், "எடிட்டிங் மச்சி" என்று பதில் வருகிறது.

எடிட்டிங்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேமரா ஒன்றும் நம் கண் இல்லை. இருண்ட தண்ணீரில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை நின்றால், அதன் இறகு வரிகளெல்லாம் படத்தில் வெளுத்துப் போய்விடும். அதனால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, ரா ஃபைலாக எடுத்து, வீட்டுக்கு வந்து நிழல் பகுதியை மட்டும் ஏற்றலாம். ஒயிட் பேலன்ஸைத் திருத்தலாம், சாய்ந்த கரையை நிமிர்த்தலாம். இதற்கெல்லாம் காசு கூட வேண்டாம்; கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம்.

பி.காம் பாஷையில் சொன்னால், கணக்கில் பிழைதிருத்தம் என்று ஒன்று உண்டு, விண்டோ டிரஸ்ஸிங் என்று ஒன்று உண்டு. முதலாவது நம்மை உண்மைக்குக் கிட்டே கொண்டுபோகும். இரண்டாவது இல்லாததை இருப்பதாகக் காட்டும். சேச்சுரேஷனை வலது ஓரம் வரை இழுப்பது இரண்டாவது ரகம். கிளையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஏஐ வரைந்த இறகை ஒட்டுவதும் அதே ரகம்தான்.

"அழகா இருந்தா போதாதா?" என்பீர்கள். போதாது. வாத்துக்கு நிறம் வெறும் அலங்காரம் இல்லை, அது ஒரு தகவல். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் இவற்றின் ஆண்கள், இனப்பெருக்கம் முடிந்ததும் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டு, பெட்டை மாதிரி மங்கலாக மாறிவிடும். பல பறவைகள் அந்தக் கோலத்தில்தான் இங்கே வந்து சேரும். குளிர்காலம் போகப் போகத்தான் நிறம் திரும்பும். அக்டோபர் வாத்துக்கு நீங்கள் சாயம் பூசினால் அந்தக் கதையையே அழித்துவிடுகிறீர்கள். பெட்டை மங்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அடைகாக்கும்போது எதிரி கண்ணில் படாமல் இருக்க வேண்டாமா?

உண்மையான நிறம் வேண்டுமா? நிற்கிற இடத்தை மாற்றுங்கள். புள்ளிமூக்கு வாத்தின் சிறகில் மின்னுகிற பச்சை, வெறும் நிறமியால் மட்டும் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தப்பினால் அதே சிறகு கறுப்பாகத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குனிந்து, பறவையின் கண் மட்டத்துக்கு வாருங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். அது சிறகை உதறும்வரை பொறுமையாக இருங்கள். எந்த மென்பொருளும் தராத பச்சை அப்போது கிடைக்கும்.

பறவை சின்னதாகத் தெரிகிறது என்று கிட்டே போகவோ, பறக்கவைக்கக் கல்லெறியவோ வேண்டாம். படத்தை கிராப் செய்துகொள்ளுங்கள். பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து, 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றித் தந்த பறவையை, அது இருக்கிறபடியே காட்டுவதுதான் நியாயம் என்பது என் கட்சி.

நீங்க எந்தக் கட்சி? :-)