ஆன்லைன் நர்சிங்குக்குப் பணம் கட்டும் முன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பெற்றோருக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும், இங்கே மருத்துவமனையும் நர்சிங் ஹோமும் நடத்துகிறவர்களுக்கும்:

நாங்கள் இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் செவிலியர்கள். சிலர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். சிலர் இன்றும் நைட் டியூட்டி முடித்து ஆவடி லோக்கலில் தூங்கிக்கொண்டே வீடு திரும்புகிறோம். எங்களுக்குச் சங்கமோ லெட்டர்பேடோ கிடையாது. ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு மின்கம்பங்களிலும் ஷேர் ஆட்டோ முதுகிலும் வாட்ஸ்ஆப்பிலும் 'வீட்டிலிருந்தே நர்ஸ் ஆகலாம்' என்ற தோரணையில் விளம்பரங்கள் முளைக்கின்றன. தெருப் பிள்ளைகள் எங்களைத் தேடி வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, ஆன்லைன்ல சேரலாமா, காலேஜுக்கே போகணுமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் பதிவு பெற்ற செவிலியராவதற்கான முதல் படிப்பு எதையும் ஆன்லைனில் படிக்க முடியாது; தபால் வழியிலும் முடியாது. இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ, நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் எதுவானாலும் நேரில் போய்ப் படித்தால்தான் செல்லும். தொலைநிலையில் நடத்தக் கூடாதவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருக்கும் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், பார்மசியோடு நர்சிங்கும் இருக்கிறது. ஆக, எது மேல் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. 'ஆன்லைன் நர்சிங் டிப்ளமோ' என்று விற்கப்படும் காகிதத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிய முடியாது. பதிவு இல்லாதவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

"தியரியை வீட்டில் படித்துவிட்டு பிராக்டிகலுக்கு மட்டும் போனால் என்ன?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் தியரி அப்படித்தான் நடந்தது. அந்த பேட்ச் பிள்ளைகள் வார்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் அவர்களோடு நின்றவர்கள் எங்களில் உண்டு. 500 மில்லி சலைனை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், நிமிஷத்துக்கு 42 சொட்டு என்று கணக்கைப் பளிச்சென்று சொன்னார்கள். ஆனால் பாட்டி ஒருவர் முழங்கையை மடக்கிப் படுத்ததும் சொட்டு நின்றுவிட்டது. அந்த பேட்ச் பெண் ஒருத்தி பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பார்க்கத் தோன்றவில்லை. ஊசி போன இடம் வீங்க ஆரம்பித்திருந்தது.

பிரசவ வார்டில் இது இன்னும் கண்டிப்பான விஷயம். குழந்தை பிறந்த பிறகு தாயின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, கர்ப்பப்பை கெட்டியாக இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் ரத்தப்போக்கு வரப்போகிறது என்று பொருள்; தேய்த்துவிட்டுக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பத்து வீடியோ பார்த்தாலும் உணர முடியாது. சீனியர் சிஸ்டர் நம் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தி, "இப்ப தெரியுதா?" என்று கேட்கும்போதுதான் தெரியும்.

நாட்டின் முதல் நர்சிங் பள்ளி 1871இல் தொடங்கியது நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான். ஆறு மாத மகப்பேறுப் பயிற்சி, நாலே மாணவிகள். அன்றும் பாடம் நடந்தது வார்டு வளாகத்தில்தான். ஆவடியில் ரயில் ஏறினால் இறங்குகிற சென்ட்ரலுக்கு எதிரில் அந்த ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொது நர்சிங் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளோடு இருக்க வேண்டும். ஜெர்மனியில் தியரி 2,100 மணி நேரம், பிராக்டிகல் 2,500. அங்கே விண்ணப்பித்தால் நம் மார்க்குக்கு முன்னால் இந்த மணிக்கணக்கைத்தான் சரிபார்ப்பார்கள். இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் தேர்வு முடிந்த பிறகும் நேரில் நின்று செய்து காட்டும் தேர்வு ஒன்று உண்டு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஆன்லைன் பக்கம் சாய்கிறவர்களை முட்டாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு மூன்று வருடம் வருமானம் இல்லாமல் இருக்க முடியாது. கைக்குழந்தை உள்ளவருக்குக் காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்பது சுலபமில்லை. வயதுக்கு வந்த பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு எங்களால் சொல்ல முடிந்தது இதுதான். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 35 வயது வரை ஜி.என்.எம். சேரலாம், இந்த வருடமே சேர்ந்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. அரசு நர்சிங் பள்ளிகளின் டிப்ளமோ இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்குகிறது. தகுதியும் வயது வரம்பும் அவர்கள் வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே செலவு மிகக் குறைவு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு டிப்ளமோ படிக்கும்போதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும். மூன்று வருடச் செலவை அது ஈடுகட்டாதுதான். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

ஆன்லைன், தொலைநிலை என்றாலே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்று வேலையில் இருப்பவருக்காக இக்னோ நடத்திய போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து மேலே போனவர்கள் இருக்கிறார்கள். கை பழகிய பிறகு புத்தகம் எங்கிருந்து வந்தால் என்ன?

அதேபோல, 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்று சில மாதப் பயிற்சிகள் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க, சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும். கௌரவமான வேலைதான். அதை அந்தப் பெயரிலேயே சொல்லி, அதற்குரிய கட்டணம் வாங்கினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அசிஸ்டென்ட் கோர்ஸுக்கு 'டிப்ளமோ இன் நர்சிங்' என்று ஃப்ளெக்ஸ் அடித்து, வெள்ளை கோட் போட்ட பெண் படத்தையும் போட்டு, ஜி.என்.எம். அளவுக்குக் கறப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

சேரப் போகிறவர்கள் பயிற்சி நிறுவனத்தின் ஆபீஸில் உட்கார்ந்து கேளுங்கள்: மாநில கவுன்சிலும் இந்திய நர்சிங் கவுன்சிலும் இந்த வருடத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கின்றனவா? எந்த மருத்துவமனையில் வார்டு போஸ்டிங், அங்கே எத்தனை படுக்கை? இறுதித் தேர்வு நடத்துவது யார்? போன வருடம் முடித்தவர்களில் ஒருவருடைய பதிவு எண்ணைக் காட்ட முடியுமா? அங்கீகாரப் பட்டியலைக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்; அவர்கள் நீட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். "வேற மாநில யுனிவர்சிட்டி சர்டிபிகேட், எல்லா ஊர்லயும் செல்லும்" என்ற பேச்சு வந்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

நர்சிங் ஹோம் நடத்தும் ஐயா, அம்மா! இந்த வியாபாரம் ஓடுவதற்கு உங்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. பதிவு இல்லாத பெண்ணைப் பாதிச் சம்பளத்துக்கு எடுத்து, சீருடை மாட்டி, ஊசி போடச் சொல்கிற இடங்கள் இருப்பதால்தான் "படிச்சா வேலை நிச்சயம்" என்று கோர்ஸ் விற்கிறவர்களால் வாய் கூசாமல் சொல்ல முடிகிறது. ஏதாவது ஆகிவிட்டால் நிற்கப் போவது அந்தப் பெண்தான். வேலைக்கு எடுக்கும்போது பதிவுச் சான்றைக் கேளுங்கள். பிளஸ் டூ வகுப்பாசிரியர்களும் விடுமுறைக்கு முன் அரை மணி நேரம் இதைப் பேசினால் எங்கள் வேலை பாதியாகும். கூப்பிட்டால் நாங்களே பள்ளிக்கு வருகிறோம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். ரசீது, வாட்ஸ்ஆப் செய்தி, நோட்டீஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அவைதான் பேசும். முக்கியமாக, பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி. ஆகியவற்றின் அசலை அங்கே கொடுத்திருந்தால் முதல் வேலையாகத் திருப்பி வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்களில் ஒருவர் உடன் வருவார். தேர்வுக் குழுவின் கலந்தாய்வுக்கும் அந்த அசலைத்தான் கேட்பார்கள்.