ஃப்ராங்க்கா பேசுற ஆளுங்க

"நான் ஃப்ராங்க்கா பேசுற ஆள், தப்பா எடுத்துக்காதே" என்று யாராவது தொடங்கினால் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வேன். அடுத்து வருவது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடி மட்டும் நிச்சயம்.

போன மாதம் ஒரு நூல் கலந்துரையாடலில் இதைப் பார்த்தேன். முதல் சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்த ஒரு தங்கச்சியிடம் மூத்த எழுத்தாளர் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். "உனக்கு எழுத்து வராதும்மா, வேற வேலையப் பாரு" என்று முடித்தார். எந்தக் கதை, எந்த இடம், ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கூட்டம் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது ஒரு அண்ணன் விளக்கம் கொடுத்தார்: "அவரு பிளன்ட்டான ஆளுடா. இதுக்குத் தமிழ்ல வார்த்தையே இல்ல. நமக்குச் சுத்தி வளைச்சுதான் பேச வரும்."

அண்ணன் சொன்னதில் இரண்டு தவறு இருக்கிறது.

முதலில் தமிழுக்கு வருவோம். வெட்டு ஒன்று துண்டு இரண்டு, பட்டென்று, நறுக்கென்று, கறாராக, வெடுக்கென்று, முகத்திலடித்தாற்போல, எடுத்தெறிந்து. யோசிக்காமலேயே ஏழு வந்துவிட்டது. ஏழும் ஒன்றல்ல. 'நறுக்கென்று' பேசுகிறவரிடம் சிக்கனம் இருக்கிறது. 'கறாராக'ப் பேசுகிறவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 'வெடுக்கென்று' பேசுகிறவர் எரிச்சலில் இருக்கிறார். 'எடுத்தெறிந்து' பேசுகிறவர் எதிரில் இருப்பவரை ஆளாகவே மதிக்கவில்லை. இது போதாதென்று 'இடித்துரைத்தல்' வேறு. நண்பனும் அமைச்சனும் செய்தே ஆக வேண்டிய கடமை அது.

ஆக, சொல் பஞ்சம் நமக்கு இல்லை. பிரச்சினை வேறு. "நான் எடுத்தெறிஞ்சு பேசுற ஆள்" என்று யாராவது தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. தமிழில் சொன்னால் அசிங்கமாகத் தெரியும். "நான் ஃப்ராங்க்" என்று சொன்னால் அதே செயல் குணமாகிவிடுகிறது. இல்லாத சொல்லைத் தேடி நாம் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. இருக்கிற சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து போகிறோம்.

இரண்டாவது, அந்த ஆங்கிலச் சொற்களே இவர்கள் நினைக்கிற மாதிரி அப்பாவிகள் இல்லை. பிளன்ட் என்றால் மழுங்கியது. மழுங்கிய கத்தி சுத்தமாக வெட்டாது, பிய்க்கும். ஃப்ராங்க் என்ற சொல் ஃப்ராங்க் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் இன்றைய பிரான்ஸ் நிலத்தைக் கைப்பற்றி ஆண்டபோது முழுச் சுதந்திரம் அவர்களுக்குத்தான் இருந்தது. அதனால் அந்தப் பெயரே 'சுதந்திரமான' என்ற பொருளுக்கு வந்து, பிறகு 'மனம்விட்டுப் பேசுகிற' என்று ஆனது. சொல்லின் வேரிலேயே ஆண்டான் அடிமைக் கணக்கு கிடக்கிறது.

அந்தக் கணக்கை நான் அகராதியில் படிப்பதற்கு முன்பே வேலையிடத்தில் படித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு கூட்டத்தில், பம்புக்குப் போட்ட கணக்கில் குழாயின் உராய்வு இழப்பைச் சேர்க்கவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வருடக் கடைசி மதிப்பீட்டில் எனக்கு 'டேக்ட்' போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதே வருடம் அதே அறையில் ஒரு மேலாளர் டெக்னீஷியன் அக்கா ஒருவரின் அறிக்கையை மேசைமீது வீசி, "இதை ஸ்கூல் பிள்ளைகூட நல்லா எழுதும்" என்றார். வெளியே வந்ததும் எல்லோரும் சொன்னது: "அவரு ரொம்ப டைரக்ட் லா." நான் கணக்கைச் சொன்னேன், அவர் ஆளைச் சொன்னார். எனக்குக் குறை, அவருக்குப் பாராட்டு. பேச்சில் இருந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கவில்லை. நாற்காலியின் உயரத்தைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் துறையில் இதற்கு உயிர்ப்பலி உண்டு. ரோஜர் போஜொலே என்ற பொறியாளர், சேலஞ்சர் விண்ணோடத்தின் உந்துகலன்களைச் செய்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். உந்துகலன் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் தோற்றால் உயிர்கள் போகும் என்று 1985 ஜூலையிலேயே தன் மேலதிகாரிக்குப் பூசி மெழுகாமல் எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு, ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக்கூடாது என்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். நாசா தரப்பு அதை விரும்பவில்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகக் கூடிப் பேசி, ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். மறுநாள் ஏவிய 73வது விநாடியில் விண்ணோடம் சிதறி 7 பேரும் இறந்தார்கள். விசாரணையில் உண்மையைச் சொன்ன போஜொலேவை உடன் வேலை செய்தவர்களே ஒதுக்கினார்கள்.

ஃப்ராங்க் என்ற பட்டத்தை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இவருக்குக் கொடுங்கள். பேசியதற்கு அவர் விலை கொடுத்தார். என் அளவுகோல் இதுதான்: பேச்சுக்கான விலையை யார் கட்டுகிறார்கள்? பேசியவர் கட்டினால் அது வெளிப்படை. கேட்டவர் மட்டும் கட்டினால் அது அதிகாரம். அதற்கு இங்கிலீஷில் பெயர் வைத்தாலும் அதிகாரம்தான்.

அப்படியென்றால் மூத்தவர்கள் இளையவர்களை விமர்சிக்கவே கூடாதா? கட்டாயம் விமர்சிக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி "அருமையான முயற்சி" என்று அனுப்பிவைக்கிற கலாசாரம் நம்மைப் போதுமான அளவு கெடுத்துவிட்டது. ஆனால் டேக்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொடுதல் என்று பொருள். வைத்தியர் தொட்டுப் பார்த்துத்தானே எங்கே வலி என்று கண்டுபிடிக்கிறார்? அந்தத் தங்கச்சியின் மூன்றாவது கதை முடிவுக்கு முந்தின பக்கத்திலேயே முடிந்துவிட்டது, கடைசிப் பக்கம் உபதேசம். இதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் புத்தகத்தைத் தொட்டிருக்க வேண்டும். அவர் தொட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு நான் நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கதைகளைப் படித்திருந்தேன். கையைத் தூக்கி, "ஐயா, எந்தக் கதையைச் சொல்றீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பெரியவர், சபை, மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இங்கிதம் என்று அதற்குப் பேர் வைத்தேன்.

பயம் என்பது அதைவிடச் சின்ன சொல்தான். தமிழிலேயே இருக்கிறது.