ஒற்றைக் கண் வண்டி

இரவில் மேட்டுப்பாளையம் சாலையில் எதிரே வரும் ஒற்றை விளக்கை மோட்டார் சைக்கிள் என்றே எண்ணி ஒதுங்குகிறோம். அருகில் வந்தபின்னரே அது கார் எனத் தெரிகிறது. சென்ற மாதம் நம் வண்டியே அவ்வாறு ஒற்றைக் கண்ணோடு கோவை வந்து சேர்ந்தது.

மறுநாள் வீட்டு வாசலிலேயே பல்பை மாற்ற முனைந்தோம். விளக்கின் பின்புறம் பாட்டரி. இடையே நான்கு விரல் அகலந்தான். அரைமணி நேரம் புறங்கையைச் சிராய்த்துக்கொண்ட பிறகே, பாட்டரியை எடுத்து வைக்கலாமே என்ற புத்தி வந்தது! நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, அதனை வெளியே வைத்ததும் கை தாராளமாக நுழைந்தது. பிளக்கை இழுத்து, ரப்பர் உறையை அகற்றி, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கியவுடன் பல்பு வந்துவிட்டது.

அது 1971இல் ஐரோப்பாவில் அறிமுகமான எச்-4 ஹாலஜன் வகை; 12 வோல்ட், 60/55 வாட். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறி, பல்பு விரைவில் பழுதாகும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த தூய துணியால் துடைத்து உலரவிடலாம். வட்டத் தகட்டின் மூன்று காதுகளுள் அகலமானது மேற்புறம் அமையவேண்டும். கோணலாக இருந்தால் தாழ்வொளியும் எதிரே வருவோர் கண்ணில் பாயும். கைக்கண்ணாடியை உள்ளே நீட்டி அதனைச் சரிபார்த்தோம்.

அன்று மாலை சுவருக்கெதிரே வண்டியை நிறுத்தினோம். இரு ஒளிவட்டங்களும் ஒரே உயரத்தில் விழுந்தன.